ஒன்று பேசினால் இன்னொன்று செவிடு

ஆண்டெனா என்ஜினீயருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம், இடத்துக்குச் சண்டை போடுவது என்று சொல்வேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

2007-இல் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் எங்கள் ஆபீஸ் வடிவமைத்துக்கொண்டிருந்த செல்போனுக்குள் ஐந்து ரேடியோக்கள் இருந்தன. பேசுவதற்கு ஜி.எஸ்.எம்., பக்கத்துக் கருவிகளோடு சேர ப்ளூடூத், இன்டர்நெட்டுக்கு வைஃபை, நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்க ஜி.பி.எஸ்., பாட்டுக்கு எஃப்.எம். இதில் எஃப்.எம். சாது. இயர்போன் வயரையே ஆண்டெனாவாக வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். ப்ளூடூத்தும் வைஃபையும் ஒரே ஆண்டெனாவை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும். மீதி இரண்டும்தான் என் பிராணனை வாங்கின. ஜி.எஸ்.எம். வாயைத் திறந்தால் அக்கம்பக்கம் அதிரும். ஜி.பி.எஸ்.ஸோ, இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களின் முணுமுணுப்பைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். போன் மெலிதாக இருக்க வேண்டும், ஆண்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது வாடிக்கையாளரின் கட்டளை. அதனால் இந்த இரண்டையும் பின்பக்கத்தின் மேல் விளிம்பில் தோளோடு தோள் உட்கார வைத்தேன். வேறு இடம் இல்லை.

அதே இடத்தில்தான் பிரஜின் ஒரு குரோம் லோகோ வைக்க ஆசைப்பட்டான். போனின் வெளித்தோற்றம் அவன் பொறுப்பு. பாறசாலைக்காரன், அழகுப் பைத்தியம். ஆண்டெனா மேல் உலோகம் உட்கார்ந்தால் போன் செவிடும் ஊமையுமாகிவிடும் என்று மூன்று வாரம் அவனோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில் ஜெயித்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் கறுப்பு பிளாஸ்டிக், ஒரு புள்ளிகூட இல்லாமல். அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் கணவன் சுமந்த் அதே போனை வெளியிடங்களில் சோதிக்கும் குழுவில் இருந்தான். ஆபீஸில் அவனை நீ, வா, போ என்பேன். எங்கள் வீடு இருக்கிற வலியசாலைத் தெருமுனை திரும்பியதும் நீங்கோ, வாங்கோ ஆகிவிடும். அவன் கண்டுபிடித்து எழுதிய குறைகளில் நாற்பத்தொன்றாவது இது: 'அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது ஜி.பி.எஸ். இடத்தைக் காட்டுவதில்லை.' ஒன்று பேசினால் இன்னொன்று செவிடு, அவ்வளவுதான். சரிசெய்ய வேண்டுமென்றால் இரண்டையும் பிரித்து வைத்து, போனை நீளமாக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பேசிக்கொண்டே இடம் தேடுகிறவர்கள் அபூர்வம் என்று எழுதி அந்தக் குறையை மூடினேன்.

"ஒரு ஆத்திர அவசரத்துக்குத் தேவைப்பட்டா?" என்று சுமந்த் கேட்டான்.

"அவசரக்காரன் போனை வெச்சுட்டுத் தேடட்டும்" என்றேன்.

ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை. சிக்னல் மெலிந்த இடத்தில் போன் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க சுமந்த் போனக்காட்டுக்குப் போனான். விதுரை தாண்டி மலை ஏற ஏற, ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் ஒரு படி இறங்கும். தேயிலைத் தோட்டத்தை எட்டும்போது நூல் கணக்கில்தான் மிச்சமிருக்கும். எங்கள் சோதனைக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. விடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்பதால் சோதனைக்குச் செய்த போன்களில் ஏழாம் நம்பரை முந்தின நாளே வீட்டுக்கு எடுத்து வந்திருந்தான். கம்பெனி ஜீப்பை ஓட்டிப்போனவர் வீரபாண்டி, வள்ளியூர்க்காரர்.

அரை மணிக்கு ஒரு தடவை என் செல்லுக்குக் கூப்பிட வேண்டும் என்பது சோதனை முறை. பத்து மணிக்கு விதுரையிலிருந்து பேசியபோது பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. பதினொன்றரைக்குக் குரல் கரகரத்தது.

"டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல. வீரபாண்டி டயரை ஒரு லாரியில போட்டுண்டு கீழ போயிருக்கார். நான் நடந்தே ரீடிங் எடுக்கறேன்."

"மழையா?"

"இங்க தூறல்தான். மேல மலையில கறுத்துண்டு நிக்கறது. அட்டைதான் காலைப் பிடுங்கறது."

எனக்குக் குரல்கூட முக்கியமாகப் படவில்லை. அந்தக் கரகரப்புதான் உறுத்தியது. முந்தின நாள்தான் அதே போனை லேபில் அளந்தேன். அந்த உயரத்தில் அது இன்னும் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். கணவன் தனியாகக் காட்டில் நிற்கிறான், நான் என் ஆண்டெனாவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு எட்டுக்கு மணி அடித்தது. எடுத்தேன். "சுப்..." என்று என் பெயரில் பாதி, அவன் குரல். உடனே அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால், நீங்கள் விளிக்கிற ஆள் பரிதிக்குப் புறத்தாணு என்று ரெக்கார்டு செய்த பெண் குரல் நிதானமாகச் சொன்னது. எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். பன்னிரண்டு பத்துக்கு மறுபடி மணி, மறுபடி அறுந்தது. பன்னிரண்டு பதினொன்றுக்கு. பன்னிரண்டு பதினைந்துக்கு. அரை மணிக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்துக் கூப்பிடுகிறவன் நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறான் என்றால் அது சோதனை இல்லை. ஏழாவது அழைப்பில் மூன்று வார்த்தை கிடைத்தது. "கால்... தண்ணி ஏறி..." அதற்குப் பின்னால் ஓடுகிற நீரின் இரைச்சல்.

பிரஜின் எழுந்து என் மேஜைக்கு வந்தான். "எந்தா சேச்சி?" என்றான். போனைக் காட்டினேன்.

வீரபாண்டியைக் கூப்பிட்டேன். நல்லவேளையாக எடுத்தார்.

"மேடம், நானும் சாருக்குப் போட்டுப் போட்டுப் பாக்கேன், கிடைக்கல. ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டுல நிக்கேன். மேல மழை கொட்டுது, எந்த வண்டியயும் விடமாட்டேங்காவ."

சுமந்த் சொன்ன மூன்று வார்த்தையையும் சொன்னேன்.

"நடந்து போயிருவோம் மேடம். தோட்டத்து லயத்துல குடியிருக்க ஆளுங்க நாலு பேரு இங்கனதான் நிக்காவ, கயிறும் இருக்கு. ஆனா மேல ஓடை ஒண்ணில்ல, மூணு இருக்கு. மூணும் மூணு பக்கம். எந்தப் பக்கம்னு சொல்லுங்க. இந்த இடத்தத் தாண்டினா என் போனு வேல செய்யாது."

"எவ்வளவு நேரம் அங்க நிக்க முடியும்?"

"கால் மணி நேரம் நிக்கேன். அதுக்கு மேல நின்னா அங்க என்ன ஆவுமோ."

மணி பன்னிரண்டு இருபத்துநாலு. எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. ஒருவேளை அவன் வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டு ஏதாவது சொல்லியிருந்தால்? வீட்டு நம்பரை அழுத்தினேன். மாமியார் விஜயம் எடுத்தார்.

"இல்லையே, கூப்பிடலையே. ஏண்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. லைன் கிடைக்கலை."

"மலையில லைன் அப்படித்தான் இருக்கும். நீ பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்லை. நான் கார்த்தாலயே பிள்ளையாரை ஒட்டித்தான் அனுப்பிச்சிருக்கேன்."

"எதுல?"

"அவன் எடுத்துண்டு போனானே, அந்தப் புதுப் போன்ல."

எங்கள் வீட்டுக்குள் வரும் எதற்கும் இந்த மரியாதை உண்டு. ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், இன்டர்நெட் மோடம், என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் முதல் நாளே பிள்ளையார் ஸ்டிக்கர். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் அட்டை அட்டையாக வாங்கி வைத்திருப்பார். பளபளவென்று தங்க நிறத்தில், உலோகத் தகட்டுத் தாளில் அச்சடித்தது.

"எந்த இடத்துல ஒட்டினேள்?"

"பின்னாடி, மேல. அங்க ஒரு இடம் சும்மாத்தானே கிடந்தது. பிள்ளையாருக்குன்னே விட்டாப்பல இருந்தது."

எப்படி போனை வைத்தேன் என்று ஞாபகமில்லை. பிரஜின் பாதி கேட்டிருந்தான், மீதியை நான் சொன்னேன். அவன் சாக்லெட் சுற்றிய வெள்ளித் தாளைக் கிழித்து எட்டாம் நம்பர் போனின் மேல் விளிம்பில் ஒட்டி, சிக்னல் அளக்கும் பெட்டிக்குள் வைத்தான். பத்தில் ஒன்பது பங்கு சக்தி வெளியே வரவில்லை. விதுரையில் டவர் பக்கத்தில் இருந்ததால் மிச்சம் ஒரு பங்கே போதுமாக இருந்திருக்கிறது. மலைக்கு மேலே அது போதவில்லை. மூன்று வாரம் சண்டை போட்டு நான் காலியாக வைத்த இடம், சுமந்தின் வாயை அடைத்துவிட்டிருந்தது.

அழைப்பு நிலைக்காத இடத்திலும் எஸ்.எம்.எஸ். நுழைந்துவிடும். அதற்கு ஒரு கண் சிமிட்டும் நேரம் சிக்னல் இருந்தால் போதும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தேன். 'பின்னாடி பிள்ளையார் ஸ்டிக்கரை உரி. உடனே கூப்பிடு.' அதை அடிக்க ஒரு நிமிடம் ஆனது. போய்ச் சேர்ந்தால் தகவல் வரும்படி வைத்திருந்தேன். வரவில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அவன் கூப்பிடுவதும் நின்றிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அறுந்தபோது இருந்த பயத்தைவிட, அந்த நிசப்தம் கொடுமையாக இருந்தது.

பன்னிரண்டு முப்பத்துநாலுக்கு 'டெலிவர்ட்' என்று வந்தது. இரண்டு நிமிடம் கழித்து மணி அடித்தது.

"சுப்ரியா."

தெளிவான குரல். என் ஆண்டெனா வேலை செய்தது. அவனுக்குப் பின்னால் தண்ணீர் பேரிரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தது.

"வழுக்கி விழுந்துட்டேன். வலது கை ஒடிஞ்சிருக்கு, அசைக்க முடியலை. கால் ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டிண்டிருக்கு. விழுந்தப்போ முழங்கால் வரைக்கும்தான் தண்ணி. இப்போ இடுப்புக்கு வந்துடுத்து."

"எங்க இருக்கே?"

"தெரியலை. சிக்னல் குறைய குறைய அதையே பாத்துண்டு நடந்தேன். எங்க பாத்தாலும் பனி. தோட்டத்து ஃபேக்டரியிலேருந்து அரை மணி நடந்திருப்பேன். எந்தப் பக்கம்னு தெரியலை."

"ஜி.பி.எஸ். போடு."

"போட்டுட்டேன். தேடறது. தேடிண்டே இருக்கு."

அது தேடிக்கொண்டேதான் இருக்கும். நாங்கள் பேசுகிற வரைக்கும் அதற்குக் காது கேட்காது. அதை எழுதியவன் அவன், அதை மூடியவள் நான்.

"சுமந்த், போனை வை."

"வேண்டாம்" என்றான்.

"நாம பேசறவரைக்கும் அதுக்கு இடம் கிடைக்காது. உனக்குத் தெரியும்."

"தெரியும். வெச்சா மறுபடி லைன் கிடைக்கலைன்னா?"

"கிடைக்கும். ஸ்டிக்கர் போயாச்சு, கிடைக்கும். நம்பர் வந்த உடனே கூப்பிட்டுப் படி. வீரபாண்டி கயித்தோட கீழ நிக்கறார், எந்தப் பக்கம்னு அவருக்குச் சொல்லணும்."

"சுப்ரியா, வைக்காதே. நீ பேசிண்டே இரு. என்ன வேணா பேசு."

ஆறு வருடத்தில் அவன் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. கல்யாணம் ஆன புதிதில் அவன் அப்பாவை எரித்துவிட்டு வந்த நாளில்கூட அவன் குரல் நேராகத்தான் இருந்தது. ஒரே ஒரு நிமிடம் பேசினால் என்ன என்று எனக்கு இருந்தது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை விரற்கடை தண்ணீர் என்று கணக்குப் பார்த்தேன். முழங்காலிலிருந்து இடுப்புக்கு வர அரை மணி. இடுப்பிலிருந்து கழுத்துக்கு?

"ரெண்டு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு, அவன் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

வீரபாண்டியைக் கூப்பிட்டு, சார் உயிரோடு இருக்கிறார், இன்னும் கொஞ்சம் நில்லுங்கள் என்றேன். நிக்கேன் என்றார். பின்னால் யாரோ அவரை அவசரப்படுத்துவது கேட்டது.

வானம் திறந்திருந்தால் ஒன்றரை நிமிடத்தில் இடம் காட்டிவிடும். காட்டுக்குள், மழையில், இரண்டு நிமிடம் என்று வைத்திருந்தேன். இரண்டு போனது. மூன்று போனது. போனை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எங்கே பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டுக் கெடுத்துவிடுவேனோ என்று. நான் கூப்பிட்டால் அந்த மணியே ஜி.பி.எஸ்.ஸைச் செவிடாக்கும். நான்காவது நிமிடத்தில், அவனைக் கொன்றுவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவன் கடைசியாகக் கேட்டது, பேசு என்பது. நான் கடைசியாகச் செய்தது, பொத்தானை அழுத்தியது. மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனது வாக்கியம் தேட ஆரம்பித்துவிட்டது. பிரஜின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

ஆறாவது நிமிடம் மணி அடித்தது.

பல் கிட்டிக்கொள்ள, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தான். நான் திருப்பிச் சொன்னேன், பிரஜின் கம்ப்யூட்டரில் அடித்தான். சாட்டிலைட் படத்தில் தேயிலையின் பச்சை முடிந்து காட்டின் கரும்பச்சை தொடங்குகிற ஓரத்தில், ஒரு வளைவில் புள்ளி விழுந்தது. நடு ஓடை.

"ஃபேக்டரிக்கு இடது பக்கம், நடு ஓடை, தேயிலை முடியற இடத்துல ஒரு வளைவு" என்று வீரபாண்டியிடம் கத்தினேன். அவர் கூட நின்றவர்களிடம் அதைச் சொல்வதும், ஒரு பெண் குரல் "அது நம்ம பழைய வண்ணான்பாறைல்லா" என்பதும் கேட்டது. பிறகு ஓடுகிற காலடிச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

சுமந்தை மறுபடி கூப்பிட்டேன். பரிதிக்குப் புறத்தாணு என்றாள் அந்தப் பெண். அதன் பிறகு ஒரு மணி பத்து நிமிடம் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

செக்போஸ்ட்டின் லேண்ட்லைனிலிருந்து வீரபாண்டி பேசினார். மூச்சு வாங்கியது. "எடுத்தாச்சு மேடம். நெஞ்சு வரைக்கும் வந்துட்டு. போனு தண்ணியில போயிட்டு. சாருக்கு உசிரு இருக்கு."

கையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, கணுக்காலில் ஒன்று. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. போனை இடது கையில் பிடித்து ஸ்டிக்கரைப் பல்லால் உரித்தானாம், அதில் பாதி பிள்ளையார் தொண்டைக்குள் போய்விட்டார் என்று சொல்லி நர்ஸுகளைச் சிரிக்க வைத்தான். மாமியாருக்கு ஒரே பூரிப்பு. "உள்ளே இருந்தே காப்பாத்தியிருக்கார் பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அவனை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது சொன்னேன். "இனிமே போன்ல ஒட்டறதானா கீழ ஒட்டுங்கோம்மா."

"ஏண்டி?"

"மேல சூடாயிடறது."

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பூஜை அலமாரியில் ஸ்டிக்கர் அட்டை இல்லை. ஃபிரிட்ஜிலும் மோடத்திலும் நகத்தால் சுரண்டிய தடம் இருந்தது. அதைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை, அவருக்கும்தான்.

ஆபீஸில் நாற்பத்தொன்றாவது குறையை நானே மறுபடி திறந்தேன். ஜி.பி.எஸ். ஆண்டெனாவை அடிப்பக்கம் எதிர் மூலைக்குக் கொண்டுபோனேன். போன் மூன்று மில்லிமீட்டர் நீண்டது, ஏழு வாரம் தாமதமானது. வாடிக்கையாளர் சத்தம் போட்டார். பிரஜின் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் புதிய உறையை வரைந்து கொடுத்தான். கடைக்கு வந்தபோது அது மற்ற போன்களைவிடக் கொஞ்சம் அசட்டுத்தனமாக நீளமாகத்தான் இருந்தது.

நான் போனை வைத்ததைப் பற்றி சுமந்த் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. ஓணத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் ஊன்றுகோலை விட்ட அன்று, பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அந்த ஆறு நிமிஷம் என்ன பண்ணிண்டிருந்தேள்?"

யோசித்துவிட்டுச் சொன்னான். "போனைக் காதுலயே வெச்சிண்டிருந்தேன். நீ வெச்சுட்டேன்னு தெரியும். ஆனாலும் காதுலேருந்து எடுக்கத் தோணலை. கை ஓஞ்சுபோய் இறக்கினப்போதான் நம்பர் வந்திருக்கறதைப் பாத்தேன்."

தலையோடு அழுத்திப் பிடித்திருந்தால் ஜி.பி.எஸ்.ஸுக்கு வானம் பாதி மறைந்துவிடும். இரண்டு நிமிடத்தில் வர வேண்டியது ஆறு நிமிடம் எடுத்தது அதனால்தான். அவனும் அதே தொழிலில் இருக்கிறவன், ஆனால் இதுவரை அவனுக்கு அது தோன்றவில்லை. நான் அவனிடம் சொல்லவில்லை.